லான் நடுவுல சொட்டை: ரெண்டு தடவை புல் பாய் போட்டும் நிக்கலை

வடவள்ளி வாசி | ஜூன் 8, காலை 7.10

கோவைங்க. வீட்டு முன்னாடி 30க்கு 20 அடி லான். செலக்‌ஷன்-1 புல், பாயா விரிச்சு நாலு வருசம் ஆச்சு. மூணு இடத்துல சொட்டை.

ஒண்ணு, கேட்டுல இருந்து படி வரைக்கும் ரெண்டடி அகலத்துக்கு ஒத்தையடிப் பாதை மாதிரி. ரெண்டு, மாமரத்தடியில சுத்தி ஆறடி. மூணாவதுதான் புரியலை: லான் நட்டநடுவுல, நல்ல வெயில் விழுற இடம், மூணுக்கு மூணு. அங்க ரெண்டு தடவை புது பாய் போட்டாச்சு. மூணு மாசம் பச்சையா நிக்குது, நாலாவது மாசம் வைக்கோல்.

நர்சரியில "மண்ணுல சத்தில்லை, டிஏபி போட்டுத் தண்ணி விடுங்க"ன்னாங்க. போடலாமுங்களா? நாய் ஒண்ணு இருக்கு, அது போற இடமெல்லாம் தட்டு தட்டா மஞ்சள். அது வேற.

கடப்பாரை | ஜூன் 8, காலை 9.45

டிஏபி மூட்டையைப் பிரிக்க வேண்டாம். அதில் 18 சதம் தழை (நைட்ரஜன்), 46 சதம் மணி (பாஸ்பேட்). புல்லுக்கு வேண்டியது தழைச்சத்துதான், இவ்வளவு மணிச்சத்து இல்லை. உங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்தது. அதில் மணிச்சத்தைக் கொட்டிக்கொண்டே போனால் இரும்பு புல்லுக்கு எட்டாது, இருக்கிற புல்லும் வெளிறும்.

சத்துக் குறைவு என்றால் லான் முழுக்க மெலியும். கோடு போட்ட மாதிரி மூன்றடியில் நிற்காது. மூன்று சொட்டைக்கும் ஒரே மருந்து தேடுவதுதான் தப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்றைக்கே மூன்று சோதனை. நீளமான ஸ்க்ரூடிரைவரை ஈர மண்ணில் கையால் அழுத்துங்கள். நல்ல புல் உள்ள இடத்தில் 6 அங்குலம் இறங்கும். சொட்டையில் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். அடுத்து, ஓரத்துப் புல்லைப் பிடித்து இழுங்கள். வேரோடு பிடிவாதமாக நின்றால் ஒன்று, பாய் சுருட்டுகிற மாதிரி கையோடு வந்தால் வேறு. கடைசியாக, நடுச் சொட்டையில் ஓரடிக்கு ஓரடி குழி, ஓரடி ஆழம். அதைத் தோண்டிவிட்டு வந்து பேசுங்கள்.

பூவாளி | ஜூன் 8, பகல் 12.30

நடுவில் என்றால் வீடு கட்டும்போது கலவை போட்ட இடமாக இருக்கும். மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சிமென்ட்.

கடப்பாரை | ஜூன் 8, பகல் 1.05

அக்கா, சந்தேகம் சரி, சோதனை சரியில்லை. சுண்ணாம்பு மண்ணில் வினிகர் எங்கே விட்டாலும் நுரைக்கும். சுக்கான்கல் கிடக்கிற தோட்டத்தில் நல்ல புல் உள்ள இடமும் நுரைக்கும், சொட்டையும் நுரைக்கும். குழிதான் சாட்சி.

வடவள்ளி வாசி | ஜூன் 9, மாலை 6.20

தோண்டியாச்சுங்க. நாலு அங்குலத்துலயே "டங்"குன்னு சத்தம். சாம்பல் கலர்ல ரெண்டு அங்குலத்துக்குக் கெட்டித் தளம். அதுக்குக் கீழ செங்கல் சல்லி, சிமென்ட் கட்டி, ஒரு கம்பித் துண்டு, பாதி மூக்குப்பொடி டப்பா. பத்து அங்குலத்துக்குக் கீழதான் மண்ணே.

ஸ்க்ரூடிரைவர்: நல்ல புல்லுல 6, நடுவுல 4ல முட்டுது, பாதையில 1 அங்குலம் கூட இறங்கலை, மாமரத்தடியில 5. இழுத்தா எங்கயும் பாய் மாதிரி வரலை.

சித்தாள் | ஜூன் 9, இரவு 8.00

மூக்குப்பொடி டப்பா மேஸ்திரியோட கையெழுத்து. கலவை போட்ட இடத்தைக் கழுவாம, மேல நாலு சட்டி செம்மண்ணைத் தள்ளி மட்டம் அடிச்சிட்டுப் போயிருக்காங்க. புது வீட்டு லான்ல இது இல்லாத வீடு கம்மி.

கடப்பாரை | ஜூன் 9, இரவு 9.15

அப்போ நடுச் சொட்டை விஷயம் முடிந்தது. புது பாய் போட்டதும் நீங்கள் தினம் தண்ணீர் விட்டீர்கள், நாலங்குல மண்ணில் அது பிழைத்தது. பழகிவிட்டது என்று தண்ணீரைக் குறைத்ததும் வேர் கீழே போகப் பார்க்கும். போக இடமில்லை. வெயிலில் அந்த நாலங்குலம் ஒரே நாளில் காயும், மழை பெய்தால் தளத்துக்கு மேல் தண்ணீர் தேங்கி அழுகும். ரெண்டு பக்கமும் சாவு.

இனிச் செய்ய வேண்டியது. சொட்டை 3க்கு 3 என்றால் குழி 4க்கு 4. தளம் எப்போதும் சொட்டையை விட அரையடி அதிகமாகப் போயிருக்கும், ஓரத்தில் புல் தம் கட்டி நிற்பதால் தெரியாது. மேல் நாலங்குல மண்ணைத் தனியாக ஒரு தார்ப்பாயில் அள்ளி வையுங்கள், அது நல்ல மண். பிறகு கடப்பாரையால் தளத்தை உடைத்து, சல்லி முழுவதையும் எடுங்கள். உடைத்துவிட்டு அப்படியே மூடுகிற வேலை வேண்டாம். தூளான சிமென்ட் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். அடியில் தெரிகிற மண்ணையும் ஒரு கொத்துக் கொத்தி விடுங்கள்.

கணக்கு: 4க்கு 4 அடி, 10 அங்குலம் என்றால் சுமார் 375 லிட்டர். 15 லிட்டர் வாளியில் 25 வாளி. எடுத்து வைத்த மேல்மண் 10 வாளி வரும். பாக்கி 15, அமுங்குவதற்கு 5 சேர்த்து 20 வாளி வேண்டும். சலித்த செம்மண் 12, மக்கிய தொழு உரம் 5, மணல் 3. தொழு உரம் கையில் பிசைந்தால் சாண வாடை வரக்கூடாது, மண் வாடைதான் வர வேண்டும். இதோடு வேப்பம் புண்ணாக்கு 200 கிராம். எல்லாவற்றையும் வெளியே கலந்து போடுங்கள். குழிக்குள் அடுக்கு அடுக்காகப் போட்டால் அடுக்கு மாறுகிற இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும்.

பாதி நிரம்பியதும் தண்ணீர் விட்டு, காலால் மிதித்து, மறுபடி நிரப்புங்கள். கடைசியில் சுற்றுப்புறத்தை விட ஒரு அங்குலம் மேடாக இருக்கட்டும். பத்து நாள் சும்மா போட்டுத் தண்ணீர் தெளித்து வந்தால் தானாக இறங்கும், கூடவே களை விதை முளைக்கும். அதைப் பிடுங்கிவிட்டுப் புல் நடுங்கள். இந்தப் பத்து நாள் பொறுமை இல்லாதவர்களுக்கு மூன்று மாதம் களை வேலை காத்திருக்கிறது.

வடவள்ளி வாசி | ஜூன் 10, காலை 6.50

மணல்னா எம்-சாண்ட் கெடக்குது, ரெண்டு யூனிட் மிச்சம். அதையே போட்டுக்கட்டுமா?

கடப்பாரை | ஜூன் 10, காலை 8.30

வேண்டாம். இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். எம்-சாண்ட் பாறையை நொறுக்கியது. மூலை மூலையாக இருக்கும், கூடவே தூள். ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொண்டு இறுகுவதற்காகவே செய்தது. கான்கிரீட்டுக்கு அது குணம், வேருக்கு அதுவே எமன். உருண்டையான ஆற்று மணல் மூன்று வாளி கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் மணலே வேண்டாம், அந்த மூன்றுக்குப் பதில் தொழு உரம் ஒன்று, செம்மண் ரெண்டு.

இன்னொன்றும் திருத்துகிறேன். கரிசல் மண் வீட்டுக்காரர்கள் இந்தக் கலவையைப் பார்த்து மணல் சேர்க்கக் கிளம்ப வேண்டாம். களியில் கொஞ்சம் மணல் சேர்த்தால் செங்கல்தான் வரும். அங்கே மக்கு உரம் மட்டும்.

சித்தாள் | ஜூன் 10, காலை 9.00

தோண்டினதும் சிமென்ட், மூடறதும் எம்-சாண்டா? கொஞ்சம் ஜல்லியும் சேத்தா ஸ்லாப் போட்டுரலாம்.

பூவாளி | ஜூன் 10, பகல் 11.40

தென்னை நார்க்கழிவுக் கட்டி விற்கிறார்களே, அதைத் தொழு உரத்துக்குப் பதிலாகப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். கழுவாத கட்டியில் உப்பு உண்டு. ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ரெண்டு மூன்று முறை அலசினால்தான் ஆகும். அதிலும் சத்து என்று ஒன்றும் இல்லை, ஈரம் பிடிக்கும், அவ்வளவே. கால்வாசிக்கு மேல் போனால் தரை மெத்தை மாதிரி அமுங்கும்.

கடப்பாரை | ஜூன் 11, இரவு 7.30

பாதைச் சொட்டை. ஸ்க்ரூடிரைவர் ஒரு அங்குலம்கூட இறங்காத மண் அது. தினம் நாலு பேர் போய் வருகிற தடத்தில் எந்தப் புல்லும் நிற்காது, அருகம்புல் வம்சம் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். முள்மண்வெட்டியைக் குத்தி முன்னும் பின்னும் ஆட்டி மண்ணைத் தளர்த்தி, மக்கு உரம் தூவி, ரெண்டு மாதம் கயிறு கட்டி ஆளைச் சுற்றி நடக்க வைத்தால் புல் வந்துவிடும். கயிற்றை அவிழ்த்த நாளிலிருந்து போக ஆரம்பிக்கும்.

கடப்பாரையால் குத்தி ஓட்டை போடுவது பலர் செய்வது. என் பெயர் கெட்டாலும் சொல்கிறேன்: உருண்டைக் கம்பி மண்ணை எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்குகிறது. ஓட்டையின் சுவர் இன்னும் இறுகும். முள்ளால் நெம்புவது மேல்.

மனிதர்கள் நடக்கிற இடத்தில் கல்லே போட்டுவிடுங்கள். ஒன்றரை அடிக்கு ஓரடிக் கடப்பா கல், ரெண்டு அங்குலக் கனம். ஒரு அங்குலக் கல் மலிவு, அடியில் துளி பள்ளம் இருந்தால் குறுக்கே உடையும். கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு 22 அங்குலம். வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் 20. கல்லின் மேல்முகம் மண் மட்டத்தை விட ஒரு கால் அங்குலம் தாழ்ந்தே இருக்க வேண்டும், புல்வெட்டி மேலே உருண்டு போகும். அடியில் ஒரு அங்குலம் மணல். இதற்கு உங்கள் எம்-சாண்ட் அருமையாகப் பொருந்தும்.

பூவாளி | ஜூன் 12, காலை 10.15

கறுப்புக் கடப்பா கல்லா? மதியம் வெறுங்காலோடு கேட்டைத் திறக்கப் போகிறவர் கல்லை விட்டுப் புல்லில்தான் குதித்துக் குதித்து நடப்பார். புதுச் சொட்டை கல்லுக்குப் பக்கத்தில் வரும். வெளிர் நிறக் கல், கொத்திச் சொரசொரப்பாக்கியது, அதுவே நல்லது. மழையில் வழுக்காது.

கடப்பாரை | ஜூன் 12, காலை 10.40

ஒப்புக்கொள்கிறேன். கடப்பாவைக் காம்பவுண்டு ஓரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வடவள்ளி வாசி | ஜூன் 13, இரவு 9.05

மாமரத்தடி? அங்க மண்ணு எளக்கமாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுல "கொரியன் புல் போடுங்க, நெழல்ல வரும்"கறாங்க. செம்மண் ஒரு அடி ஏத்தி அது மேல போடலாம்னு யோசனை.

கடப்பாரை | ஜூன் 14, காலை 7.00

செம்மண் ஒரு அடியா? மரத்தைக் கொல்ல நினைத்தால் சொல்லுங்கள், வேறு சுலப வழி உண்டு. மாமரத்தின் உண்ணும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓடுகின்றன. மேலே ஓரடி மண் ஏற்றினால் அவற்றுக்குக் காற்று போகாது. அடிமரப் பட்டையைத் தொட்டுக்கொண்டு ஈரமண் கிடந்தால் பட்டை அழுகும். ரெண்டு அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிடுங்கள். கட்டைவிரல் தடிமனுக்கு மேல் உள்ள வேரை வெட்டாதீர்கள்.

வெயில் எவ்வளவு விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ண வேண்டும். காலை 8க்கு ஒரு குச்சி நட்டு, மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். செலக்‌ஷன்-1 அருகம்புல் சாதி, 6 மணி நேரம் நேர் வெயில் கேட்கும். கொரியன் அருகை விட நிழல் தாங்கும் என்பது உண்மை. அடர்ந்த மாமர நிழலைத் தாங்கும் என்பது விற்பவர் வாக்கு. 4 மணி வெயிலாவது வேண்டும், அப்போதும் மெதுவாகத்தான் படரும், மூடுவதற்கு வருடமே ஆகலாம்.

2, 3 மணி வெயிலும் பரவலான வெளிச்சமும் இருந்தால் பஃபலோ புல் என்று விற்கிற அகல இலைப் புல்லை முயலலாம். பக்கத்தில் உள்ள மெல்லிய புல்லோடு ஒட்டாது, ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். எல்லையில் கல் வரிசை பதித்துவிட்டால் வேண்டுமென்றே செய்த மாதிரி ஆகிவிடும்.

அறுவடை முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். தாழ்ந்த கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, நடுவில் ரெண்டு மூன்று கிளை திறந்துவிட்டால் வெயில் கூடும். மரத்துக்கும் நல்லது.

சித்தாள் | ஜூன் 14, காலை 8.10

எல்லாத்தையும் விட்டுட்டு அங்க ஒரு கயித்துக் கட்டில் போட்டா? மாமரத்தடிக்குப் புல்லு எதுக்கு.

கடப்பாரை | ஜூன் 14, காலை 8.25

என்னைக் கேட்டால் அதுதான் சரியான விடை. ஆறடி வட்டத்துக்குச் செங்கல் வரம்பு கட்டி, காய்ந்த மாவிலையை அங்கேயே பரப்பிக் கட்டிலைப் போடுங்கள்.

கடப்பாரை | ஜூன் 22, இரவு 8.00

குழி அமுங்கியிருக்கும், இனி நடவு. கோவையில் இந்த மாதம் சாரல் உண்டு, வெயில் தணிவு, நல்ல நேரம். ஆனால் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், மேகமூட்டம் பார்த்துத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சென்னைக்காரர்கள் ஜூலை கடைசி, ஆகஸ்டில் மாலை மழை விழும்போது நடலாம். ஐப்பசி அடைமழையில் நட்டால் கரணை (நடுகிற புல் துண்டு) வாசலுக்கு மிதந்து வரும். அக்னி நட்சத்திரத்தில் நடுகிறவர்களுக்கு அறிவுரை இல்லை.

மூன்று வழி உண்டு. பாய் விரிப்பது உடனே பச்சை, விலை அதிகம். பாய் களிமண்ணில் வளர்ந்து வந்திருந்தால் அந்தக் களி ஒரு அங்குலம் உங்கள் மண்ணுக்கு மேல் மூடியாக உட்கார்ந்துவிடும். அப்படி வந்தால் வேரை வாளித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

ரெண்டாவது, பூசுவது. வேரோடு நறுக்கிய புல், தோட்ட மண், பச்சைச் சாணம் மூன்றும் சம அளவு, தண்ணீர் விட்டு இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, ஒரு அங்குலத்துக்கும் குறைவாகத் தடவி, மேலே மண் தூவுவது. பெரிய பரப்புக்கு மலிவு. ஒரு நல்ல மழை வந்தால் கூழ் கரைந்து சாக்கடைக்குப் போகும்.

உங்கள் 16 சதுர அடிக்குக் கரணை நடவே போதும். லானின் கண்படாத ஓரத்திலிருந்து ரெண்டு சதுர அடி பெயர்த்தெடுங்கள். கடைப்புல் வேண்டாம். செலக்‌ஷன்-1 என்ற பெயரில் நாட்டு அருகு வந்தால் நடுவில் வேறு நிறத்தில் ஒரு கட்டம் நிரந்தரமாக நிற்கும். பிரித்து, 3, 4 அங்குல நீளத்தில் ரெண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக்குங்கள். மூன்று மூன்று துண்டாக, 4 அங்குல இடைவெளியில் சாய்த்து, மூன்றில் ரெண்டு பங்கு மண்ணுக்குள், நுனி வெளியே. 12 வரி, வரிக்கு 12, மொத்தம் 144 குத்து. ஒரு மணி நேர வேலை. பெயர்த்த புல் ஈரச் சாக்கில் இருக்க வேண்டும், வெயிலில் அரைமணி கிடந்தால் பாதி போச்சு. நட்டதும் பலகையைப் போட்டு ஏறி நின்று அழுத்துங்கள், வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது.

தண்ணீர்: முதல் பத்து நாள் ஒரு நாளைக்கு மூன்று முறை, தடவைக்கு 5 லிட்டர், பூவாளியில். அடுத்த பத்து நாள் தினம் ஒருமுறை 10 லிட்டர். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் 15 லிட்டர். ஹோஸ் பைப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பீய்ச்சினால் கரணை பெயரும்.

யூரியா இப்போது இல்லை. நாலாவது வாரம், புது ஓட்டம் (தரையில் படரும் தண்டு) ஓடத் தொடங்கியபின், ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம். உங்கள் இடத்துக்கு 7 கிராம், ரெண்டு தட்டையான தேக்கரண்டி. 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மேலே நல்ல தண்ணீர் விட்டு இலையைக் கழுவிவிடுங்கள்.

பூவாளி | ஜூன் 23, காலை 11.00

நாய்ச் சமாச்சாரத்தை யாருமே தொடவில்லையே. நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் அது மூத்திரம்தான். நடுவில் யூரியா அளவுக்கு மீறிவிட்டது, ஓரத்தில் அளவாகக் கிடைத்துத் தழைத்திருக்கிறது. போன உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் கருகாது. பெட்டை நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் விடுவதால் வட்டம் பெரிதாக வரும்.

சமையல் சோடா தூவச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது. அது சோடியம். உப்பின் மேல் உப்பு.

கடப்பாரை | ஜூன் 23, பகல் 2.20

சோடா பற்றி அக்கா சொன்னதை நூறு முறை படியுங்கள். ஏற்கெனவே செத்த வட்டத்துக்கு: காய்ந்ததைச் சுரண்டி, ஒரு வாளி ஊற்றி, ஊறியதும் இன்னொரு வாளி. ரெண்டு நாள் விட்டு, 3 அங்குல ஜிஐ பைப்பின் முனையை அரத்தால் தீட்டி லான் ஓரத்தில் இருந்து மண்ணோடு ஒரு குமிழ் புல் எடுத்து இங்கே வைக்கலாம். அங்கே விழுந்த ஓட்டையை மண்ணால் நிரப்பினால் ஒரு மாதத்தில் மூடும். வட்டம் உள்ளங்கை அகலத்துக்குள் என்றால் எதுவும் நட வேண்டாம், அருகு தானே ஓடி மூடும்.

வடவள்ளி வாசி | ஜூலை 19, காலை 7.30

144ல 130 பக்கம் புடிச்சிருச்சு. ஓட்டம் ஓடுது. ரெண்டு பிரச்சனை. இலை கொஞ்சம் மஞ்ச வெளுப்பு, நரம்பு மட்டும் பச்சை. அப்புறம் ஊசி ஊசியா கோரை. லான்ல வேற எங்கயும் கிடையாது, இந்தக் கட்டத்துல மட்டும் முப்பது நாப்பது.

கடப்பாரை | ஜூலை 19, இரவு 7.50

நரம்பு பச்சை, நடுவெளி மஞ்சள் என்றால் இரும்பு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், எலுமிச்சைச் சாறு சில துளி, மாலையில் இலை நனையத் தெளிப்பு. 15 நாள் கழித்து இன்னொரு முறை. டைல்ஸிலும் கல்லிலும் பட்டால் துருக்கறை போகாது, உடனே கழுவுங்கள்.

கோரை செம்மண்ணோடு வந்திருக்கிறது. தொழு உரத்தைக் குறை சொல்ல நினைத்தேன், ஆனால் இவ்வளவு ஒரே சீராக வந்தால் கிழங்குதான், விதை அல்ல. சலித்த மண் என்று எழுதினேன், சல்லடைக் கண் அளவை எழுதவில்லை, என் தப்பு. ஜல்லி சலிக்கிற சல்லடையில் கோரைக் கிழங்கு சிரித்துக்கொண்டே இறங்கும். கால் அங்குலக் கண் வேண்டும்.

மேலே பிடித்து இழுத்தால் தாள் வரும், கிழங்கு தங்கும், அடுத்தது ரெண்டாக முளைக்கும். களைக்கொத்தைச் செங்குத்தாக விட்டு நெம்பி, கிழங்கோடு எடுங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் சுலபம். மூன்று நாலு இலையில் எடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் விட்டால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். வாரம் ஒருமுறை, எட்டு வாரம். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள், திரும்ப உங்களிடமே வரும்.

சித்தாள் | ஜூலை 20, காலை 6.40

கோரையைக் காய வெச்சுப் பாய் பின்னலாம். ரெண்டு தடவை போட்ட புல் பாய்க்கு அதுதான் நின்னிருக்கும்.

பூவாளி | ஜூலை 20, காலை 9.30

அந்தப் பாய்க்கோரை வேறு, இந்தக் கோரை வேறு. இது அவ்வளவு உயரம் வளராது.

வடவள்ளி வாசி | ஆகஸ்ட் 17, காலை 8.00

நடுக்கட்டம் முக்கால்வாசி மூடிருச்சு. ஆனா வேலியோரம் வேப்பமரத்துப் பக்கம் புதுசா பழுப்பு. நல்லா இருந்த இடம். காக்காவும் மைனாவும் காலையில வந்து கொத்திக் கெளறுது. கரையானுங்களா?

கடப்பாரை | ஆகஸ்ட் 17, காலை 8.20

ஜூனில் செய்த இழுப்புச் சோதனையை அங்கே செய்யுங்கள்.

வடவள்ளி வாசி | ஆகஸ்ட் 17, காலை 8.45

பாய் மாதிரி சுருட்டிட்டு வருது! அடியில வெள்ளையா, தலை காவி நிறம், வளைஞ்சு கெடக்குது. ஓரடிக்கு ஓரடியில ஒன்பது எண்ணினேன்.

கடப்பாரை | ஆகஸ்ட் 17, காலை 10.10

வேர்ப்புழு. கரையான் என்றால் மண்பூச்சு இருக்கும், அதுவும் பெரும்பாலும் காய்ந்த புல்லைத்தான் தின்னும். இது பச்சை வேரைத் தின்கிறது. சதுர அடிக்கு ஒன்று ரெண்டு என்றால் கண்டுகொள்ள வேண்டாம், புல் சமாளிக்கும். ஐந்துக்கு மேல் போனால் கை வைக்க வேண்டும்.

கோடை மழை விழுந்ததும் மாலையில் மண்ணிலிருந்து வண்டு கிளம்பி வேப்பிலையைத் தின்னும், திரும்ப மண்ணில் இறங்கி முட்டையிடும். அதனால்தான் வேம்புக்குக் கீழே. அடுத்த வருடம் அந்த முதல் மழைக்குப் பிறகு நாலைந்து ராத்திரி கிளையை உலுக்கி, விழுகிற வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டாலே பாதி வேலை முடியும்.

இப்போதைக்குப் பறவைகளை விரட்டாதீர்கள், இலவச ஆட்கள். பழுப்புப் பகுதியைச் சுருட்டி வைத்து, நாலங்குலம் கொத்திக் கையால் பொறுக்குங்கள். பிறகு பூச்சியைத் தாக்கும் நூற்புழு, ஹெட்டரோரேப்டைடிஸ் இண்டிகா. இது உங்கள் ஊர்ச் சரக்கு: கோவையில் கண்டெடுத்து 1992ல் புது இனமாக விவரிக்கப்பட்டது. தண்ணீரில் கலந்து மாலை 5க்கு மேல் ஊற்ற வேண்டும். ஊற்றும் முன்பும் மண் நனைந்திருக்க வேண்டும், ஒரு வாரம் ஈரம் காயக் கூடாது. வெயில் பட்டால் நூற்புழு சாகும். பொட்டலத்தில் தேதி பாருங்கள், உயிருள்ள சரக்கு, பழையது வெறும் தூள். பத்து நாளில் தோண்டினால் செங்கல் நிறமாகச் செத்த புழு தெரியும். பெருத்த புழுவில் பலன் குறைவு, அதனால்தான் பொறுக்கச் சொன்னேன்.

பூவாளி | ஆகஸ்ட் 25, காலை 9.00

பிள்ளையார் சதுர்த்திக்கு இந்த லான் அருகைப் பறிக்கலாமா?

கடப்பாரை | ஆகஸ்ட் 25, காலை 9.30

மாலை கட்ட நாட்டு அருகு மாதிரி நீளம் வராது, குட்டை. பிள்ளையார் கோபிக்க மாட்டார். ஆனால் யூரியா, அன்னபேதி, நாய் மூன்றும் கண்ட புல்லை ஜூஸ் அடிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

வடவள்ளி வாசி | செப்டம்பர் 14, மாலை 5.40

நடுக்கட்டம் முழுசா மூடி எல்லை தெரியலை. கட்டில் போட்டாச்சு, கல்லும் பதிச்சாச்சு. வேம்படியில பத்து நாள் கழிச்சுத் தோண்டினதுல சிவந்து செத்தது ஆறு, உசுரோட ஒண்ணு. ஒரே குறை, நடுக்கட்டம் முக்கால் அங்குலம் பள்ளமா எறங்கிருச்சு, மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்குது.

கடப்பாரை | செப்டம்பர் 14, இரவு 8.15

அமுங்குவதற்கு 5 வாளி போதும் என்றேன், 7 சொல்லியிருக்க வேண்டும். முக்கால் அங்குலத்தையும் ஒரே தடவையில் மூடினால் புல் மூச்சு முட்டும். முதலில் ஒரு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். சலித்த செம்மண் ரெண்டு, மக்கிய உரம் ஒன்று, கால் அங்குலக் கனம் தூவி, துடைப்பத்தின் பின்புறத்தால் புல் நுனி வெளியே தெரியும்வரை தள்ளி விடுங்கள். 16 சதுர அடிக்குத் தடவைக்கு 10 லிட்டர், வாளியில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வாரம் விட்டு ரெண்டாவது. மூன்றாவது முறை தைக்குப் பிறகு, ஐப்பசி மழையில் தூவாதீர்கள்.

வடவள்ளி வாசி | செப்டம்பர் 14, இரவு 8.30

சல்லடை?

கடப்பாரை | செப்டம்பர் 14, இரவு 8.32

கால் அங்குலக் கண்.